ராத்திரி என்ன படம் பாக்கலாம்?

அக்கா: ராத்திரி எல்லாரும் பாக்க ஒரு படம் சொல்லுங்க. சிரிக்கணும், ஆனா யாரையாவது மட்டம் தட்டிச் சிரிக்க வைக்கிற படம் வேண்டாம்.

நான்: கங் ஹோ! 1986ல வந்தது, ரான் ஹவர்ட் இயக்கினது.

மாமா: அப்போலோ 13 எடுத்தாரே, அவரா? கேள்விப்பட்டதே இல்லையேப்பா.

நான்: அவரேதான் மாமா. இந்தப் படத்தப் பத்தி யாரும் பேசறதே இல்ல, எனக்கு அதுதான் ஆத்தாமை. பென்சில்வேனியாவுல ஒரு ஊர். கார் ஃபேக்டரிய மூடிட்டாங்க, ஊரே படுத்துருச்சு. ஃபோர்மேன் மைக்கேல் கீட்டன் ஜப்பானுக்கே போய் ஒரு கம்பெனிய எங்க ஊருக்கு வாங்கன்னு கூப்பிடுறார். அவர் பாட்டுக்கு ஜோக்கா அடிக்கிறார், எதிர்ல ஒரு மூஞ்சியிலயும் அசைவு இல்ல. காரியம் கெட்டுதுன்னு திரும்பி வந்தா, கம்பெனி வந்து இறங்குது!

அக்கா: அந்தக் காலத்துப் படம். ஜப்பான்காரங்கள கேலி பண்ணியே ஓட்டியிருப்பாங்களே.

நான்: இல்லக்கா. படம் ஆரம்பிக்கிறதே ஜப்பான்லதான். வேலையில கோட்டை விட்ட மேனேஜர்களுக்கு ஒரு பயிற்சி. உடம்பெல்லாம் அவமான ரிப்பன் கட்டித் தொண்டை கிழியக் கத்த விடுறாங்க. அதுல ஒருத்தர்தான் காஸிஹிரோ. அவரத்தான் அமெரிக்க ஃபேக்டரிக்குத் தலைமையா அனுப்புறாங்க. இந்தப் பக்கம் கீட்டன், அந்தப் பக்கம் இவர், ரெண்டு பேருமே நடுவுல மாட்டிக்கிட்டவங்க.

நான்: காஸிஹிரோவா நடிச்ச கெடி வட்டனாபே அமெரிக்காவுலயே, யூட்டாவுல பொறந்தவர். 1984ல சிக்ஸ்டீன் கேண்டில்ஸ்ல அவருக்குக் குடுத்த வேஷம் பாக்கவே கஷ்டமா இருக்கும், வெறும் கேலிப் பொருள். ரெண்டே வருஷத்துல இதுல ஒரு முழு மனுஷன்.

அத்தை: நான் பாத்திருக்கேன்டா. முதல் நாள் காலைல எல்லாரையும் வரிசையா நிக்க வச்சு உடற்பயிற்சி பண்ணச் சொல்லுவாங்களே! சிரிச்சு சிரிச்சு வயிறு வலிச்சுருச்சு.

அக்கா: மத்த ஜப்பான் மேனேஜருங்க?

நான்: அவங்கள மேலோட்டமாதான் காட்டிருக்காங்க, அது உண்மைதான். ஆனா யூனியன் கிடையாது, சம்பளம் கம்மி, எல்லாரும் எல்லா வேலையும் கத்துக்கணும்னு வரும்போது தொழிலாளிங்களுக்கு வர்ற கோபமும் நியாயமாப் படும், ஒரு குறை கூட இருக்கக் கூடாதுங்கிற ஜப்பான் மேனேஜருங்க பிடிவாதமும் நியாயமாப் படும்.

மாமா: இது கற்பனை மட்டும் இல்லம்மா. ஹோண்டா 1982லயே ஒஹாயோ மேரிஸ்வில்ல கார் பண்ண ஆரம்பிச்சாச்சு. 1984ல டொயோட்டாவும் ஜெனரல் மோட்டார்ஸும் கலிஃபோர்னியால சேர்ந்து ஃபேக்டரி நடத்துனாங்க. ஜப்பான் கார் வந்து நம்ம பொழப்பக் கெடுக்குதுன்னு அங்க பெரிய கோபம் இருந்த நேரம்.

அக்கா: அப்ப 2019ல வந்த அமெரிக்கன் ஃபேக்டரி மாதிரியா? ஒஹாயோவுல மூடிக் கெடந்த ஜெனரல் மோட்டார்ஸ் ஃபேக்டரிக்குச் சீனக் கண்ணாடிக் கம்பெனி வருமே. ஆஸ்கர் வாங்கின டாக்குமென்டரி.

நான்: அதே நிலைமைதான்க்கா! இது அதுக்கு 33 வருஷம் முன்னாடி. கங் ஹோவுல, ஒரே மாசத்துல 15,000 கார் பண்ணினாதான் சம்பள உயர்வு. கம்மியானா ஒண்ணும் கிடையாது. கீட்டன் அத மறைச்சு, 13,000 பண்ணினாலும் பாதி கிடைக்கும்னு சொல்லிடுறார். ஊர் மனசு நோகக் கூடாதுன்னு சொல்ற பொய். அங்கதான் படம் கனமாகுது.

அத்தை: கடைசியில முதலாளி வந்து பாத்துட்டு “நல்ல டீம்”ம்பார். காஸிஹிரோ உடனே “நல்ல மனுஷங்க”ம்பார். எனக்குக் கண்ணு கலங்கிருச்சு.

அக்கா: அத்தே! முடிவச் சொல்லிட்டீங்களே!

நான்: இல்லக்கா, 15,000 ஆச்சா இல்லையான்னு அத்தை சொல்லல. கடைசி காரை கீட்டன் எடுத்து ஓட்டுற சீன் இன்னும் இருக்கு. ஒன்பது மணிக்குப் போடுறேன், வந்துருங்க.

மாமா: சப்டைட்டில் இருந்தாப் போடுப்பா.