பானெட் அடியில் லைனர் தொங்குது: ஒட்டறதா, கிளிப் மாத்தறதா, கழட்டி வீசறதா?

பழையடீசல்:
15 வருஷத்துக்கு மேல ஆன டீசல் செடான். பானெட் உள்பக்கம் இருக்கிற கறுப்பு இன்சுலேஷன் நடுவுல நாலு விரல் அளவுக்குத் தொங்குது. ஓரத்து கிளிப் எல்லாம் பிடிச்சிட்டுதான் இருக்கு. நடுவுல உள்ள மூணுல ரெண்டுக்குத் தலை தெறிச்சிடுச்சு, மூணாவது இடத்துல லைனர் ஓட்டையே கிழிஞ்சு பெருசாயிடுச்சு. தொட்டா கை அரிக்குது, அதனால ஃபைபர் கிளாஸ்னு நினைக்கிறேன். இன்ஜின் மேல் கவர்ல உரசின தடமும் இருக்கு. ஸ்ப்ரே பசை அடிச்சு ஒட்டினா நிக்குமா? மொத்தமா கழட்டிட்டு ஓட்டினா ஏதாவது ஆகுமா?

ஸ்பேனர்செட்:
ஒட்டறதுக்கு முன்னாடி, இன்ஜின் நல்லா ஆறினதும் டார்ச் அடிச்சு லைனரை ஒரு தடவை முழுசா பாருங்க. எங்க தொங்குது, அங்க என்ன கறை இருக்குங்கிறதுல பாதி விஷயம் தெரிஞ்சிடும். ஆயில் ஊத்துற மூடிக்கு நேர் மேலே பிசுபிசுப்பா இருந்தா மூடி ரப்பர் போயிருக்கலாம், இல்லைன்னா இன்ஜின் உள்ள பிரஷர் அதிகமா இருக்கலாம். கரி படிஞ்ச கறுப்பு வட்டம் இருந்தா மேனிஃபோல்டு கேஸ்கெட்லயோ (புகைக் குழாய் இன்ஜினோட சேர்ற இடத்து அடைப்பு) இன்ஜெக்டர் (டீசலைப் பீச்சுற கருவி) அடி வாஷர்லயோ புகை கசியுது. டீசல்ல ரெண்டாவது அடிக்கடி நடக்கும். வெளுத்த விளிம்போட வட்டமா கறை இருந்தா அது தண்ணி. அங்கங்க குதறின மாதிரி பஞ்சு வெளியே வந்திருந்தா எலி. அப்போ வயரிங்கையும் ஏசி ஃபில்டரையும் சேர்த்துப் பாக்கணும். ஆயில் ஊறின லைனரை மட்டும் திரும்ப மாட்டவே கூடாது. எக்ஸாஸ்ட் சூட்டுக்கு மேலே எண்ணெய்ப் பஞ்சு தொங்குறது தீப்பிடிக்க வழி.

கறை எதுவும் இல்லைன்னா வெறும் கிளிப் வேலைதான். அந்த நைலான் கிளிப்புங்க வருஷக்கணக்கா சூடு வாங்கி வாங்கி கண்ணாடி மாதிரி ஆயிடும். நெம்பினா தலை தனியா வரும். ஹேர் டிரையர்ல ஒரு நிமிஷம் சூடு காட்டிட்டு, கவட்டை மாதிரி இருக்கிற டிரிம் டூலைத் தலைக்கு அடியில கொடுத்து நேரா வெளியே இழுங்க. நடுவுல பின் இருக்கிற ரகம்னா முதல்ல பின்னை இழுத்துடணும், அப்புறம்தான் உடம்பு வரும். உடைஞ்ச தண்டு பானெட் ஓட்டைக்குள்ள மாட்டியிருந்தா மூக்கு பிளையரால முறுக்கி எடுங்க. உள்ளே தள்ளி விட்டீங்கன்னா ரெண்டு தகட்டுக்கு நடுவுல கிடந்து காலம் பூரா கடகடன்னு சத்தம் போடும்.

புது கிளிப் வாங்க மூணு அளவு வேணும்: பானெட் தகட்டு ஓட்டையோட விட்டம் (வெர்னியர் வெச்சு அளங்க, அரை மில்லிமீட்டர் கூடினாலும் கிளிப் நிக்காது), தலை விட்டம், தண்டு எவ்வளவு தடிமனைப் பிடிக்கும்ங்கிறது. மூணாவதைத்தான் எல்லாரும் விட்டுடுவாங்க. தண்டு நீளமா இருந்தா லைனர் ஆடி ஆடி ஓட்டை திரும்பக் கிழியும். குட்டையா இருந்தா பல் தகட்டைத் தாண்டிப் பூட்டிக்காது. மாட்டறதுக்கு முன்னாடி கிளிப்பைச் சுடுதண்ணியில போட்டு எடுத்தா பல்லு உடையாம உள்ளே போகும்.

கிழிஞ்ச ஓட்டைக்கு 1 மி.மீ. அலுமினியத் தகட்டுல 40 முதல் 50 மி.மீ. வட்டம் வெட்டி, நடுவுல தண்டு போற அளவுக்குத் துளை போட்டு, விளிம்பை அரம் வெச்சு மழுக்கிட்டு, கிளிப் தலைக்கும் லைனருக்கும் நடுவுல வைங்க. பாரம் பெரிய பரப்புல பரவும், கிழிசல் அதுக்கு மேலே ஓடாது. கிளிப் தலை போயிடுச்சுன்னு செல்ஃப் டேப்பிங் ஸ்க்ரூ மட்டும் போட்டுடாதீங்க. உள் சட்டத்துக்கும் வெளித் தகட்டுக்கும் இடைவெளி சில இடத்துல ரொம்பக் கம்மி. ஸ்க்ரூ முனை வெளித் தகட்டை இடிச்சா பானெட் மேலே பரு மாதிரி கிளம்பும். போட்ட துளையும் துரு பிடிக்கும்.

கிரீஸ்கை:
மேலே சொன்னதுக்கு உடன்பாடு. பசை பத்தி மட்டும் சொல்றேன்.

ஃபைபர் லைனர்ல பசையை மட்டும் நம்பினா நிக்காது. பசை பிடிக்கிறது மேல் துணியை மட்டும்தான். உள்ளே இருக்கிற கண்ணாடி இழைகளை ஒண்ணோட ஒண்ணு சேர்த்து வெச்சிருக்கிற ரெசின் வெந்து போயிருந்தா, துணி பானெட்டோட ஒட்டியிருக்கும், பஞ்சு பாளமா பிரிஞ்சு கீழே வரும். சோதனை சுலபம்: லைனர் ஓரத்தை ரெண்டு விரலால் அழுத்தி விடுங்க. திரும்ப உப்பி வந்தா உயிர் இருக்கு. அமுங்கினது அமுங்கினபடி நின்னு தூள் கொட்டினா ஒட்டி பிரயோஜனம் இல்ல, மாத்திடுங்க.

உயிர் இருந்தா கிளிப்புக்குத் துணையா பசை போடலாம். சாதா ஸ்ப்ரே பசை கோடை வெயிலுக்கே இளகிடும். இன்ஜினை நிறுத்தினதும் காத்தோட்டம் நின்னு, சூடு பூரா மேலே ஏறி பானெட்ல தங்கும். பசைக்கு சோதனை அந்த நேரம்தான். டப்பாவுல வெப்பத் தாங்கும் அளவு 120 டிகிரிக்கு மேல போட்டிருக்கிற கான்டாக்ட் பசையா பாத்து எடுங்க. தகட்டைப் பழைய பசை போகச் சுரண்டி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால துடைங்க. ரெண்டு பக்கமும் மெல்லிசா அடிச்சு, விரல் முட்டியால தொட்டா ஒட்டணும் ஆனா கையோட வரக்கூடாது, அந்தப் பதம் வர்ற வரைக்கும் காத்திருங்க. ஈரமா இருக்கும்போதே ஒட்டினா உள்ளே மாட்டின ஆவி சூட்டுல உப்பி திரும்பப் பிரிக்கும். நடுவுல ஆரம்பிச்சு ஓரத்துக்கு அழுத்திட்டு வாங்க. ஒரு தடவை பட்டா நகர்த்த முடியாது. பானெட்டை ஒரு ராத்திரி திறந்தே விட்டுடுங்க.

அடிக்கும்போது பேட்டரி நெகட்டிவ் கழட்டியிருக்கணும், இன்ஜின் ஜில்லுன்னு இருக்கணும், ஃபேன் பெல்ட்டையும் கண்ணாடியையும் துணி போட்டு மூடணும். பெல்ட்ல பசை பட்டா அப்புறம் கிரீச்சுன்னு கத்தும்.

தற்காலிகமா டேப் ஒட்டறது, டபுள் சைட் டேப், இதெல்லாம் வேண்டாம். விழுந்தா நேரா பெல்ட் மேலதான் விழும்.

நாலுசக்கரம்:
கழட்டிட்டு ஓட்டலாமான்னு கேட்டிருந்தீங்க. ஓட்டலாம், இன்ஜினுக்கு ஒண்ணும் ஆகாது. ஐட்லிங்ல டீசல் தட்டல் கூடக் கேக்கும், டர்போவுக்கு நேர் மேலே பெயின்ட் நாளாவட்டத்துல மங்கலாம். பாதி தொங்குற லைனரோட ஓட்டறதுக்கு அது எவ்வளவோ மேல். கழட்டினா முழுசா கழட்டுங்க, தொங்குற பகுதியை மட்டும் வெட்டி விட்டா வெட்டின விளிம்புல இருந்து இழை பிரிஞ்சு ஏசிக்குக் காத்து போற வழியா உள்ளே வரும்.

சுரண்டும்போது முழுக்கை சட்டை, கண்ணாடி, என்95 மாஸ்க். முதல்ல தண்ணி ஸ்ப்ரே பண்ணி நனைச்சுக்கங்க, காய்ஞ்ச தூள் பறக்கக் கூடாது. பிளாஸ்டிக் ஸ்கிரேப்பர் போதும். ரொம்பப் பழைய காலத்து வண்டிங்கள்ல அஸ்பெஸ்டாஸ் கலந்த லைனரும் இருந்திருக்கு. அந்த மாதிரி வண்டின்னா நீங்க கை வைக்காதீங்க.

அதே மாடலுக்கு அச்சுல வார்த்த லைனர் கிடைச்சா அதை வாங்கறதுதான் உத்தமம். ஓட்டையெல்லாம் சரியா உக்காரும். கிடைக்கலைன்னா தீ பரவாத ரகம்னு போட்டிருக்கிற, தண்ணி குடிக்காத மூடிய செல் ஃபோம் ஷீட், 6 முதல் 10 மி.மீ. பழைய லைனரையே அச்சா வெச்சு வெட்டிக்கலாம். பானெட் விளிம்புல தண்ணி வடியிற ஓட்டைகளை மூடிடாதீங்க. பியூட்டைல் டேம்பிங் ஷீட் (அதிர்வைக் குறைக்கிற ரப்பர் ஷீட்) போடணும்னா பரப்புல கால்வாசி போதும். 2 மி.மீ. ஷீட் சதுர மீட்டருக்கு சுமார் 3 கிலோ வரும், முழுக்க ஒட்டினா பானெட்டைத் தாங்குற கேஸ் ஸ்ட்ரட் திணறும். தார் ஷீட் இங்க வேண்டவே வேண்டாம், சூட்டுல வழியும்.

அலுமினிய முகம் உள்ள ஷீட்டுன்னா பேட்டரிக்கு மேலே கவனம். அது கரண்ட் கடத்தும். நாளைக்கு அதுவும் தொங்கி பாசிட்டிவ் டெர்மினலைத் தொட்டா ஷார்ட்தான். டெர்மினல் மூடி கண்டிப்பா இருக்கணும்.

மாட்டினதும் இடைவெளி பாக்க, இன்ஜின் கவர்ல உயரமான நாலு இடத்துல களிமண் உருண்டை வெச்சு, மேலே பிளாஸ்டிக் பேப்பர் போட்டு, பானெட்டை மெதுவா மூடித் திறங்க. நசுங்கின உருண்டையோட உயரம்தான் உங்க இடைவெளி. 10 மி.மீ.க்குக் குறைஞ்சா அந்த இடத்துல மெல்லிசு ஷீட் போடுங்க, ஆக்சிலரேட்டர் மிதிக்கிறப்போ இன்ஜின் மவுன்ட்ல எழும்பி ஆடும்.

பழையடீசல்:
அழுத்திப் பாத்தேன், உப்பி வருது. ஆனா கறை வெளுத்த வட்டம். வைப்பர் தண்ணி நாசிலுக்குக் கொஞ்சம் கீழே.

ஸ்பேனர்செட்:
அப்போ வைப்பர் தண்ணி வர்ற வாஷர் ஹோஸ்தான். லைனருக்குப் பின்னாடி ஓடுற அந்தக் குழாய் ரெண்டு நாசிலுக்கும் பிரியிற டி ஜாயின்ட்ல பாருங்க, அங்கதான் வெடிப்பு விழும். லைனரைக் கழட்டினதும் பானெட்டைத் திறந்தபடி, ஒருத்தரை வாஷர் லீவரைப் பிடிச்சு 10 விநாடி அடிக்கச் சொல்லிட்டு, ஜாயின்ட்டைச் சுத்தி டிஷ்யூ பேப்பர் வெச்சுப் பிடிங்க. நனைஞ்ச இடம் தெரியும். ஹோஸ் முனை கெட்டியாயிருந்தா ஒரு செ.மீ. வெட்டிட்டுத் திரும்ப சொருகினாலே போதும், டி உடைஞ்சிருந்தா மாத்திடுங்க.

ஈர லைனரை வெயில்ல பலகை மேல படுக்கப் போட்டுக் காய வைங்க. கொடியில தொங்கவிட்டா அதே தொங்கல்ல இறுகிடும். முழுக்கக் காய்ஞ்ச பிறகு கிளிப்பும் அலுமினிய வட்டமும் போட்டு மாட்டுங்க, உங்க லைனருக்குப் பசை தேவைப்படாது.