புதுப்பிப்பு: ராயபுரம் வீட்டுக் கதவு, கிரில்லுக்கு வாட்டர் பேஸ்டு எனாமல்

அம்மாவுக்கு வீசிங். உள்பக்கக் கதவுக்கும் ஜன்னல் கிரில்லுக்கும் நெடி இல்லாத பெயின்ட் எதுன்னு கேட்டிருந்தேன். பாதிப் பேர் வாட்டர் பேஸ்டுன்னீங்க (தின்னருக்குப் பதிலா தண்ணில கலக்கற எனாமல்), மீதிப் பேர் "கடல் காத்துக்கு ஆயில் பெயின்ட்தான்"னீங்க. வேலை முடிஞ்சுது.

கதவு முழுக்க வாட்டர் பேஸ்டு. பழைய ஆயில் பெயின்ட் வழவழப்பு மேல நேரா அடிச்சா உரிஞ்சு வரும். அதனால 180 நம்பர் உப்புத்தாள்ல பளபளப்பு போற வரைக்கும் தேய்ச்சு, துடைச்சு, பிரைமர் (பெயின்ட் பிடிக்க முதல்ல அடிக்கற பூச்சு) போட்டு, ரெண்டு கோட். அம்மா அன்னிக்கு ராத்திரி அதே ரூம்லதான் தூங்கினாங்க.

கிரில்தான் படுத்திடுச்சு. வெறும் இரும்புல தண்ணி சேர்ந்த பெயின்ட் பட்டா, காயறதுக்குள்ளயே துரு பொட்டுப் பொட்டா மேல வந்துடும். நம்ம ஏரியா காத்துல உப்பு வேற. நல்ல தண்ணில கழுவிக் காயவிட்டு, கம்பி பிரஷ்ல துருவைச் சுரண்டி, துருவைத் தடுக்கற ஜிங்க் பாஸ்பேட் பிரைமர் அடிச்சோம். அது ஆயில் வகை, நெடி உண்டு. அம்மாவை அக்கா வீட்டுக்கு அனுப்பிட்டோம். மேல் கோட் மட்டும் வாட்டர் பேஸ்டு. ஆக, ஆயில் கட்சிக்காரங்க சொன்னதும் பாதி சரிதான்!

சீக்கிரம் காய்ஞ்சிடுச்சேன்னு கதவை அழுத்திச் சாத்திடாதீங்க. தொட்டா ஒட்டாது, ஆனா முழுசா இறுக வாரக்கணக்காகும். அதுவரைக்கும் கதவு நிலைச்சட்டத்துல ஒட்டிக்கும். பிரஷ் நைலான்ல வாங்குங்க.

வெள்ளை நிறம் பத்திக் கேட்டவருக்கு: வெளிச்சம் படாத ரூம்ல ஆயில் வெள்ளை மஞ்சளிக்கும், வாட்டர் பேஸ்டு அப்படி ஆகாது. தாராளமா அடிங்க.