எல்பி-பிஎல்ஏ2 கூடியிருந்தால் இதயக் குழாயில் கொழுப்பு படிந்திருக்கிறது என்று பொருளா?

பொன்வயல்:
வணக்கம். என் தந்தைக்கு வயது 61. சர்க்கரை நோய் உண்டு, நெஞ்சுவலி வந்ததில்லை. அண்மையில் செய்த முழு உடல் பரிசோதனையில் சிகே-எம்பி, ட்ரோபோனின் இரண்டும் இயல்பாகவும், கெட்ட கொழுப்பு எனப்படும் எல்டிஎல் 138 ஆகவும், எல்பி-பிஎல்ஏ2 என்னும் நொதி மிகுந்தும் வந்துள்ளன. ட்ரோபோனின் இயல்பு என்பதால் குழாயில் அடைப்பே இல்லை என்கிறார் சித்தப்பா. எனக்கோ அந்த நொதியை எண்ணித்தான் அச்சம். அதைக் குறைக்க மருந்து உண்டா?

கீழைக்காற்று:
உங்கள் சித்தப்பா சொல்வதை ஏற்க இயலாது. சிகே-எம்பி நொதியும், நொதியல்லாத தசைப் புரதமான ட்ரோபோனினும் இதயத் தசை சிதையும்போது ரத்தத்தில் கசிபவை. இதயக் குழாய் பாதிக்குமேல் சுருங்கிய ஒருவருக்கும், தசைக்குப் பாதிப்பு நேராதவரை, இவை இயல்பாகவே இருக்கக்கூடும். மாரடைப்பு வந்தவர்களின் ரத்தத்தில் இன்று ஏஎஸ்டி எனப்படும் நொதி உயர்வதை 1954இல் கண்டறிந்த காலந்தொட்டு, இவ்வகைச் சோதனைகள் தசையின் நிலையைத்தான் சொல்லி வந்திருக்கின்றன. குழாய்ச் சுவரின் நிலையை அல்ல.

மருதநிழல்:
எல்பி-பிஎல்ஏ2 வேறு வகை. மேக்ரோஃபேஜ் போன்ற வெள்ளணுக்கள் சுரக்கும் இந்த நொதி, ரத்தத்தில் பெரும்பாலும் எல்டிஎல் துகள்களோடு ஒட்டியே பயணிக்கிறது. குழாய்ச் சுவருக்குள் ஆக்சிஜனேற்றமடைந்த பாஸ்போலிப்பிடு என்னும் கொழுப்புப் பொருள்களை அது வெட்டும்போது பிறக்கும் லைசோலெசித்தினும் கொழுப்பு அமிலங்களும் மேலும் வெள்ளணுக்களை ஈர்க்கின்றன. இப்படி எழும் அழற்சி நீடித்தால் கொழுப்புப் படிவின் கொழுப்பு மையம் பெருத்து, அதை மூடிய நார்ப்படலம் மெலிகிறது. அது கிழிந்தால் அங்கே ரத்தம் உறைந்து மாரடைப்பு வருகிறது.

இதைப் படித்தால் நொதியை அடக்கினால் போதும் என்று தோன்றும். அப்படி எண்ணித்தான் டாராப்லாடிப் என்ற மருந்தை உருவாக்கினார்கள். 2014இல் முடிவு வெளியான இரு பெரிய ஆய்வுகளில், ஒன்றில் 15,000க்கும் மேற்பட்டோரும் மற்றொன்றில் ஏறத்தாழ 13,000 பேரும் பங்கேற்றனர். ஆய்வின் முதன்மை இலக்கான இதய நிகழ்வுகளை அந்த மருந்து எதிலும் குறிப்பிடத்தக்க அளவில் குறைக்கவில்லை. கிழக்காசியர் சிலருக்கு மரபணு மாற்றத்தால் பிறவியிலேயே இந்த நொதி செயல்படுவதில்லை. அவர்களுக்கும் இதயக் குழாய் நோயிலிருந்து தனிப் பாதுகாப்பு இருப்பதாகச் சீனாவில் நடந்த பெரிய ஆய்வு காட்டவில்லை. ஆகவே, இந்த நொதி மிகுந்திருப்பது அழற்சிக்கான ஓர் அறிகுறியாகலாமே தவிர, படிவு எங்கே, எவ்வளவு என்று அது சொல்லாது. இதைப் பொதுப் பரிசோதனைத் தொகுப்பில் சேர்ப்பது வீண் கலக்கத்தையே தருகிறது என்பது என் உறுதியான கருத்து.

பொன்வயல்:
தெளிவான விளக்கத்துக்கு நன்றி ஐயா. அடுத்து என்ன செய்வது?

மருதநிழல்:
சர்க்கரை நோயோடு 138 என்ற எல்டிஎல் அளவுதான் கவனிக்க வேண்டியது. இந்த வயதில் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு எல்டிஎல்லைக் குறைக்கும் ஸ்டாட்டின் மருந்து பொதுவாகப் பரிந்துரைக்கப்படுகிறது. எல்டிஎல் குறையும்போது அந்த நொதியும் சேர்ந்தே குறையும். படிவைப் பார்த்தேயாக வேண்டுமென்றால் குழாயில் ஏறிய சுண்ணாம்பைக் காட்டும் கால்சியம் ஸ்கேன் உண்டு. ஆனால் சுண்ணாம்பு ஏறாத மென்படிவு அதில் தெரியாது, அதற்கு சிடி ஆஞ்சியோகிராம் வேண்டும். எது தேவை என்பதை இதய மருத்துவரே முடிவு செய்யட்டும். சர்க்கரை நோயாளிகளுக்கு மாரடைப்பு வலியின்றி மூச்சுத்திணறலாகவோ வியர்வையாகவோ வரலாம். அப்போது இந்த அறிக்கையை நம்பிக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் சென்று இசிஜியும் ட்ரோபோனினும் எடுத்துவிடுங்கள்.