காயம் எப்படி ஏற்பட்டது? சான்றிதழில் வெறும் கோடு

குறியீட்டாளர்:
பத்து வருடமாக இறப்புச் சான்றிதழ்களுக்கு ஐசிடி குறியீடு போடுகிறேன்; நோய்களையும் மரணக் காரணங்களையும் வகைப்படுத்தும் உலக சுகாதார அமைப்பின் பட்டியல் அது. ஒரு சான்றிதழ் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. வயது 81. முதல் வரியில் நிமோனியா, அதற்குக் கீழே இடுப்பு எலும்பு முறிவு. காயம் எப்படி ஏற்பட்டது என்ற கட்டத்தில் பேனாவால் இழுத்த ஒரு சின்னக் கோடு, அவ்வளவுதான். பெரும்பாலும் விழுந்துதான் இருப்பார். ஆனால் எழுதாததை நான் ஊகித்துப் போடக் கூடாது. காரணம் குறிப்பிடாத காயத்துக்கென்றே ஐசிடி-10-ல், அதாவது அந்தப் பட்டியலின் பத்தாம் பதிப்பில், எக்ஸ்59 என்ற குறியீடு இருக்கிறது. வழக்கமாக அதைப் போட்டுவிட்டு அடுத்த தாளுக்குப் போயிருப்பேன். அன்றைக்கு மனசு கேட்கவில்லை. கையெழுத்திட்ட டாக்டருக்குப் போன் செய்தேன். "குளியலறையில் வழுக்கி விழுந்தார். அதையுமா எழுதணும்?" என்றார். எக்ஸ்59 போய், வழுக்கி விழுந்ததற்கான டபிள்யூ01 ஆனது.

அதிலிருந்து கோடு போட்டு வரும் சான்றிதழ்களையெல்லாம் கேட்டே எழுதினோம். அடுத்த அறிக்கையில் விழுந்து இறந்தோர் விகிதம் மளமளவென்று ஏறிவிட்டது. மேலிடத்தில் பதறிப்போனார்கள். எக்ஸ்59 எண்ணிக்கையைப் பக்கத்திலேயே வைத்துக் காட்டினேன்: இது ஏறிய அளவுக்கு அது இறங்கியிருந்தது. கூட்டிப் பார்த்தால் மாற்றமே இல்லை. எனக்கு உறுத்தியது முந்தைய வருடங்கள்தான். அப்போதும் முதியவர்கள் விழுந்துகொண்டேதான் இருந்தார்கள். கணக்கில் தெரியாததால் யாரும் கவலைப்படவில்லை.

செவிலியர்:
சாலை விபத்தில் தலைக்காயத்தோடு வந்தவர் 12-ம் நாள் எங்கள் வார்டில் இறந்தார். காவல்துறைப் பதிவில் அவர் கடைசிவரை 'பலத்த காயம்' தான். விபத்து நடந்து 30 நாளுக்குள் இறந்தால் சாலை மரணம் என்பது பல நாடுகள் ஏற்றுக்கொண்ட வரையறை. இறந்த தகவலைக் காவல்துறைக்குச் சொல்வது யார் வேலை என்பதில்தான் யாருக்கும் தெளிவில்லை. இப்போது நானே சொல்லிவிடுகிறேன்.

புள்ளிவிவரப் பிரிவில் இருப்பவர்:
எனக்கு நேர்ந்தது தலைகீழ். ஒரு வருடம் தற்கொலை விகிதம் சட்டென்று இறங்கியது. சந்தோஷப்பட்டு அறிக்கையிலும் எழுதிவிட்டேன். பிறகுதான் ஒய்10 முதல் ஒய்34 வரையுள்ள குறியீடுகளைப் பார்த்தேன். தற்செயலா, வேண்டுமென்றேவா என்று தீர்மானிக்கப்படாத மரணங்கள் அவை. அந்த வருடம் மட்டும் வீங்கிக் கிடந்தன. ஆண்டுக் கணக்கை மூடும் தேதிக்குள் விசாரணை முடியாதவையெல்லாம் அங்கே போய்ச் சேர்ந்திருந்தன. திருத்திய கோப்பு வந்ததும் அந்த இறக்கத்தில் பெரும்பகுதி காணாமல் போயிற்று. தடுப்புப் பணியில் ராப்பகலாக உழைத்தவர்களிடம் "குறையவில்லை" என்று நேரில் போய்ச் சொன்னேன். அவர்கள் முகம் மறக்கவில்லை.

இப்போது எந்த வரைபடம் போட்டாலும் எக்ஸ்59, ஒய்10 முதல் ஒய்34 வரை இரண்டையும் சேர்த்தே போடுகிறேன். ஐசிடி-9-லிருந்து 10-க்கு மாறிய வருடத்தில் ஒரு செங்குத்துக் கோடு. ஒரே சான்றிதழ்களை இரண்டு முறையிலும் குறியிட்டுப் பார்த்த விகிதம் கையில் இல்லாவிட்டால், அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கத்தையும் அந்தப் பக்கத்தையும் ஒப்பிடுவதில்லை.