கோவையில் மாதம் 32,000: நாலு பேர் குடும்பத்துக்குப் போதுமா?

கேள்வி: ஒண்டிப்புதூர்க்காரி

வணக்கம். கணவருக்குக் கைக்கு 19,000 (பிடித்தத்துக்கு முன் 20,600), எனக்கு ஜவுளிக்கடையில் 13,000. மகள் அஞ்சாவது, மகன் ரெண்டாவது, தனியார் பள்ளி.

மாதச் செலவு: வாடகை 8,500, மளிகை 6,000, பால், காய்கறி, முட்டை, கறி 5,000, ரெண்டு வண்டிக்கும் பெட்ரோல் 2,200, கேஸ், கரண்ட், போன் 2,300. மொத்தம் 24,000. 8,000 மிஞ்சணும். ஆனா வருஷா வருஷம் ஜூன்ல நகை அடகுக்குப் போகுது. எங்க ஓட்டை?

பதில்: வரவுசெலவு

உங்க மாதக் கணக்கு சரிதாங்க. அதில் இல்லாத செலவுகள்தான் நகையை அடகுக்கு அனுப்புது. வருஷத்துக்கு ஒருமுறை, ரெண்டுமுறை வர்றதை எழுதிப் பாருங்க. பள்ளிக் கட்டணம் ரெண்டு பேருக்கும் 60,000, புத்தகம், சீருடை, ஷூ, பை 12,000, தீபாவளி 12,000, மொய், சீர், காதுகுத்து 12,000, வண்டி இன்சூரன்ஸ், சர்வீஸ், டயர் 6,000, காய்ச்சல், பல், கண்ணாடி 6,000. நான் போட்டது உத்தேசம். உங்க எண்ணை மாத்திக்கோங்க. கூட்டினா 1,08,000, மாதத்துக்கு 9,000. உங்க கிட்ட மிஞ்சறது 8,000. மாதம் 1,000, வருஷத்துக்கு 12,000 குறையுது, சேமிப்பு ஒண்ணுமில்லை.

அந்த 12,000-ஐ அடகுக் கடையில் 2 வட்டிக்கு வாங்கினா வருஷத்துக்கு 24 சதவீதம். வட்டியை மட்டும் கட்டி மறு அடகு வெச்சா, அடுத்த ஜூன்ல இன்னொரு 12,000 சேர்ந்துக்கும். நகை திரும்பாமப் போறது இப்படித்தான். வெச்சே ஆகணும்னா கூட்டுறவுச் சங்கத்தில் முதல்ல கேளுங்க, வட்டி கணிசமாகக் குறையும்.

வழி: வங்கியில் ரெண்டு ஆர்டி (மாதாமாதம் கட்டற தொடர் வைப்பு). பள்ளிக்கானது ஜூன்ல ஆரம்பிச்சு மே கடைசியில் முடியணும், தீபாவளிக்கானது அக்டோபர் முதல் வாரத்தில். சம்பளம் ஏறின மறுநாளே தானாகப் பிடிக்கும்படி தேதி போடுங்க. தபால் நிலைய ஆர்டி இதுக்கு ஆகாது, அது 5 வருஷத் திட்டம். தெரு தீபாவளிச் சீட்டு வேண்டவே வேண்டாம். சீட்டு நடத்தறவர் 1982 சீட்டு நிதிச் சட்டப்படி பதிவு செஞ்சிருக்காரான்னு கேட்டாலே பாதிப் பேர் பேச்சை மாத்துவாங்க.

பதில்: மில்ரோடு

அந்த 1,000-ஐ சாப்பாட்டில் பிடிக்காதீங்க அக்கா. நாலு பேருக்கு 11,000 அதிகமே இல்லை, பிள்ளைங்க முட்டையைக் குறைக்க வேண்டாம்.

கரண்ட் பில் வீட்டுக்காரர் சப்மீட்டர்ல வருதா? ரெண்டு மாசத்துக்கு 300 யூனிட்னா, தனி இணைப்புல முதல் 100 இலவசம் போக 800 ரூபாய்க்குள் முடியும். சப்மீட்டர்ல யூனிட் 8 ரூபாய்னா 2,400. மாசம் 800 சும்மா போகுது. அடுத்த வீடு பார்க்கும்போது இதை வாடகையோட கூட்டிப் பாருங்க. தனி இணைப்பா இருந்தாலும் ரெண்டு மாசத்தில் 500 யூனிட் தாண்டாம பார்த்துக்கணும். தாண்டினா 101 முதல் 200 வரைக்கும் உள்ள சலுகை விலையும் போயிடும்.

சாதாரணக் கட்டண டவுன் பஸ்ல பெண்களுக்கு டிக்கெட் இல்லை, வருமான வரம்பும் கிடையாது. கடை பஸ் வழியில் இருந்தா உங்க வண்டிப் பெட்ரோலே மிச்சம். ரேஷன்ல பருப்பு கிலோ 30, பாமாயில் 25, விடாம வாங்குங்க. இலவச அரிசி இட்லி மாவுக்குத் தாராளமா ஆகும், நாலஞ்சு தடவை கழுவி ஊற வெக்கணும். மகளிர் உரிமைத் தொகைக்கு வருமான வரம்பு 2.5 லட்சம், உங்களுக்கு வராது.

பதில்: வரவுசெலவு

மில்ரோடு சொன்னதெல்லாம் செஞ்சா மாதம் ஆயிரத்துச் சொச்சம் கிடைக்கும். குழி அடையும், அவ்வளவுதான். பெரிய மாற்றம் மகளோட ஆறாம் வகுப்பில் இருக்கு. ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படிச்சா மருத்துவம், பொறியியல் போன்ற படிப்புகளில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. கல்லூரி சேர்ந்தா புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000. ஏழாவதில் மாத்தினா அந்தக் கணக்கு சிக்கலாகும், அதனால வர்ற ஜூன்தான் நேரம். 60,000-ல் மகள் பங்கு 35,000-னு வெச்சுக்கிட்டா, 12,000 பற்றாக்குறை 23,000 மிச்சமாக மாறும். பள்ளியை நேரில் போய்ப் பாருங்க: அறிவியல், கணக்குக்கு ஆசிரியர் இருக்காங்களா, கழிப்பறை எப்படி, பத்தாவது தேர்ச்சி எப்படி. திருப்தியில்லைன்னா அடுத்த பள்ளியைப் பாருங்க.

ஒண்டிப்புதூர்க்காரி

சப்மீட்டர்தாங்க, யூனிட் 8 ரூபாய்! பள்ளி விஷயம் வீட்டில் பேசறோம். இன்னொரு கேள்வி: யாருக்காவது பெரிய நோய் வந்தா? முதல்வர் காப்பீட்டுக்கு எங்க வருமானம் ஒத்து வரலைன்னு சொல்லிட்டாங்க.

பதில்: பிஎஃப்_இஎஸ்ஐ_உதவி

ஆமாங்க, அதுக்கு ஆண்டு வருமானம் 1,20,000-க்குள் இருக்கணும். ஆனா இஎஸ்ஐ (சம்பளத்தில் பிடிச்சு மருத்துவம் தர்ற தொழிலாளர் காப்பீடு) வரம்பு குடும்ப வருமானத்துக்கு இல்லை, ஒரு ஆளோட சம்பளத்துக்கு: மாதம் 21,000. கணவர் 20,600-ல் இருக்கார். சம்பளச் சீட்டில் 0.75 சதவீதம், அதாவது 155 ரூபாய் பிடிக்கிறாங்களான்னு பாருங்க. பிடிச்சா நீங்க, பிள்ளைங்க, அவரைச் சார்ந்திருக்கும் பெற்றோர் எல்லோருக்கும் சிகிச்சை உண்டு. உங்க கடையிலும் 10 பேரோ அதுக்கு மேலயோ வேலை செஞ்சா உங்களுக்கும் பிடிக்கணும்.

பலர் தவறவிடறது குடும்பத்தினர் பெயர் சேர்க்கிறது. இப்பவே நிறுவனத்தில் சொல்லி ஆதாரோட சேர்த்து அட்டையை அச்சிட்டு வாங்குங்க. சிகிச்சைக்கு முதல்ல இஎஸ்ஐ மருந்தகம், அங்கிருந்து சிங்காநல்லூர் இஎஸ்ஐ மருத்துவமனை. அவசரம் தவிர, பரிந்துரைச் சீட்டு இல்லாமல் தனியார் ஆஸ்பத்திரியில் சேர்ந்தா அந்தப் பணம் கிடைக்காது.

கவனம்: அவருக்கு 500 ரூபாய் சம்பளம் ஏறினாலே 21,000 தாண்டிடும். மே மாசம் ஏறினா செப்டம்பர் 30 வரை பிடித்தம் தொடரும், அதுக்கான பலன் அடுத்த ஜூன் வரை. ஏப்ரல் 1-லேயே ஏறினா பிடித்தம் உடனே நின்னுடும், அதுவரை கட்டினதுக்கான பலன் அந்த டிசம்பர் வரைதான். அந்தப் பலன் முடியறதுக்குள்ள தனியார் குடும்பக் காப்பீடு எடுத்துடணும், ஏன்னா ஏற்கெனவே உள்ள சர்க்கரை, பிரஷருக்கு 3 வருஷம் வரை காத்திருப்பு இருக்கும். தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி இல்லை. மகள் பள்ளி மாறி மிஞ்சற 23,000-ல் முதல் பங்கை இதுக்கு ஒதுக்குங்க, ஆர்டியெல்லாம் அதுக்கு அப்புறம்.