புதுப்பிப்பு: எங்கள் பசு சிவப்பிக்கு நாகு (பெண்) கன்று பிறந்துவிட்டது!

சென்ற ஆண்டு நான் கேட்ட கேள்வி இதுதான்: நாட்டுப் பசுவுக்கும் ஜேர்சிக் காளைக்கும் பிறந்த எங்கள் சிவப்பிக்கு சினைப்படுத்த மறுபடியும் ஜேர்சிக் காளையின் விந்தா, சாகிவால் காளையின் விந்தா? பலர் ஜேர்சி என்றீர்கள். நான் சாகிவாலைத் தேர்ந்தெடுத்தேன்.

ஜேர்சியே என்றால் கன்றில் முக்கால் பங்கு ஜேர்சி. வன்னியின் ஆவணி வெயிலில் அது மூச்சிரைக்கும், தீனி குறையும், பாலும் இறங்கும். முதல் கலப்பில் கிடைத்த கலப்பு வீரியமும் (இரு வேறு இனங்கள் சேரும்போது கன்றுக்கு வரும் கூடுதல் வலிமை) அதே இனத்துக்குத் திரும்பும்போது பாதியாகிவிடும். சாகிவால் பஞ்சாப் பக்கத்துத் திமில் மாடு. வெயிலையும் உண்ணியையும் தாங்கும்.

முதல் சினை ஊசி (காளையின் விந்தைச் செலுத்துவது) பிடிக்கவில்லை. வேட்கையில் காலையில் கத்தியவளுக்கு அவசரப்பட்டு அப்போதே போடச் சொன்னது என் தவறு. 21 நாள் கழித்து மீண்டும் வேட்கைக்கு வந்தாள். காலையில் அறிகுறி கண்டு மாலையில் போட்டோம், சினைப்பட்டாள். 282ஆம் நாள் விடியற்காலையில் கன்று ஈன்றாள். செந்நிறம், நீண்ட அலைதாடி (கழுத்தின் கீழ் தொங்கும் தோல்). தொட்டுப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

"பால் கூடுமா, அண்ணா?" என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். இந்தக் கன்று வளர்ந்து முதல் ஈற்று ஈனும் வரை, ஏறத்தாழ 3 ஆண்டுகள், பொறுக்க வேண்டும். காளை தன் மரபணுக்களில் பாதியைத்தான் தருகிறது. எந்தப் பாதி என்பது கன்றுக்குக் கன்று மாறும். அதனால்தான் பல மகள்களின் பால் பதிவை வைத்துக் காளையை மதிப்பிடுகிறார்கள். நானும் கொப்பி வாங்கிக் காலை, மாலைப் பாலை எழுதத் தொடங்கிவிட்டேன். முதல் பக்கத்தில் காளையின் எண் இருக்கிறது; இவள் பருவமடையும்போது தகப்பனின் விந்தே இவளுக்கு வந்துவிடக் கூடாது.