வடிதாளில் கிடந்த ஆரஞ்சு நூல்

கரையோரக் கடல்நீரில் நுண்பிளாஸ்டிக்கும் பைட்டோபிளாங்க்டன் என்ற மிதக்கும் நுண்பாசிகளும் தேடுகிற எல்லோரிடமும் ஏமாந்த கதை ஒன்று இருக்கும். என்னுடையதை முதலில் சொல்லிவிடுகிறேன், அடுத்து மற்ற மூவரும் ஒவ்வொருவராகச் சொல்வார்கள்.

கடலின் மேற்பரப்பை அரித்தெடுக்கும் மான்டா வலையைப் படகோடு இழுத்து எடுத்த மாதிரி அது. வடிகட்டி நுண்ணோக்கியில் வைத்தால் ஒரே தாளில் 17 ஆரஞ்சு நூல்கள். சூடான ஊசியை அருகில் கொண்டுபோனதும் சுருண்டன. பிளாஸ்டிக்தான்! குஷியாகக் குறித்துக்கொண்டேன். அப்புறம்தான் வெற்றுத் தாளைப் பார்த்தேன். வேலை முடியும்வரை பக்கத்தில் திறந்து வைத்திருக்கும் ஈரத் தாள் அது. காற்றிலிருந்து என்ன விழுகிறது என்று காட்டிக்கொடுக்கும். அதிலும் அதே ஆரஞ்சு. நிமிர்ந்து பார்த்தால் கதவுக் கொக்கியில் என் உயிர்காப்பு அங்கி தொங்குகிறது. 17ஐயும் அடித்துவிட்டேன். இப்போதெல்லாம் ஆய்வகத்துக்குள் பருத்தி மேலங்கி மட்டும்தான்.

* * *

உங்களுக்கு அங்கி, எனக்கு வலைக்கண். மான்டா வலையின் கண் சுமார் 0.3 மில்லிமீட்டர். 5 மில்லிமீட்டருக்குக் கீழே எல்லாமே நுண்பிளாஸ்டிக் என்கிறோம். ஆனால் அதில் பொடியானதெல்லாம் இந்த வலையில் நழுவிவிடும், பைட்டோபிளாங்க்டனும் பெரும்பாலும் அப்படியே. சரி என்று 20 மைக்ரான் வலையைப் போட்டேன். பாசி பெருகியிருந்த நேரம். கொஞ்ச நேரத்தில் பச்சைக் கூழ் அடைத்து, தண்ணீர் உள்ளே போகாமல் வலைவாயிலேயே திரும்பி வழிந்தது. எத்தனை லிட்டர் வடிந்தது என்றே தெரியாதபோது எண்ணி என்ன பயன்?

இன்னொன்று: அங்ககப் பொருளை எரிக்க ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றினால் பைட்டோபிளாங்க்டனும் போய்விடும். டயாட்டம் என்ற ஒருசெல் பாசியின் சிலிக்கா ஓடு மட்டும் கண்ணாடிச் சில்லு மாதிரி மிஞ்சும். அதனால் மாதிரியை முதலிலேயே இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில், பாசி கெடாமல் காக்கும் லூகால் அயோடின் கரைசலை விட்டுவிடுங்கள். நான் பிரிக்காமல் ஒரு நாள் உழைப்பைத் தொலைத்தேன்.

* * *

பெராக்சைடைத் தவிர்த்தாலும் வம்புதான். பிளாஸ்டிக்கில் ஒட்டி அதை மின்ன வைக்கும் நைல் ரெட் சாயத்தை நேராகப் போட்டுப் பார்த்தேன், தட்டு முழுக்க மின்னியது. அது கொழுப்பிலும் ஒட்டும் என்பது உறைக்கவில்லை. மின்னியதில் பாதி, கோப்பிபாட் என்ற இறால் இனத்து நுண்ணுயிரியின் உடம்பிலிருந்த எண்ணெய்த் துளிகள்!

* * *

என்னுடையது ஏமாந்த கதை இல்லை, அசந்த கதை. நகக்கண் அளவு பாலிஎத்திலீன் துண்டு ஒன்றை வடிகட்டாத கடல்நீர்த் தொட்டியில் மிதக்கவிட்டிருந்தேன். கடல்நீரைவிட லேசான பொருள், மூழ்கக் கூடாது. முதல் வாரம் தொட்டால் வழவழப்பு. அடுத்த வாரம் நுண்ணோக்கியில் பார்த்தால், ஓடம் போன்ற டயாட்டம்கள் அதன்மேல் மெதுவாக ஊர்ந்துகொண்டிருந்தன. புதிய விஷயமில்லை, 1972இலேயே எட்வர்ட் கார்பென்டர், சர்காசோ கடலில் எடுத்த துணுக்குகளில் டயாட்டம் ஒட்டியிருந்ததை எழுதியிருக்கிறார். ஆனாலும் கண்ணால் பார்ப்பது வேறு.

நான்காம் வாரம் ஒரு காலையில் தொட்டியின் மேற்பரப்பு காலி. துண்டு, பழுப்புக் கோட்டுப் போட்டதுபோல, அடியில் கிடந்தது. மான்டா வலையோ மேற்பரப்பை மட்டும்தான் அரிக்கிறது. அதற்கப்புறம் ஆழத்து நீர் எடுக்கும் நிஸ்கின் புட்டி இல்லாமல் நான் படகேறுவதில்லை.